மாமனார் தொட்ட லேப்டாப்

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் உள்ள சந்தில் லேப்டாப் ரிப்பேர் கடை வைத்திருப்பவனைக் கைராசி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். பெயரை யார் வைத்தது என்று தெரியாது. அவனே வைத்துக்கொண்டு ஊரில் பரப்பியிருந்தாலும் ஆச்சரியப்படுவதற்கில்லை. செத்துப்போன லேப்டாப்பைக்கூட அவன் தொட்டால் எழுந்து உட்காரும் என்பது வாடிக்கையாளர்களின் நம்பிக்கை. அவனுக்கோ அது நம்பிக்கைகூட இல்லை, தெரிந்த விஷயம்.

கழுத்தில் கயிறு கட்டி ஒரு பென்டிரைவைத் தொங்கவிட்டிருப்பான். குளிக்கப் போகும்போதாவது கழற்றுவானா என்பதில் அவன் மனைவிக்கே சந்தேகம் உண்டு. அந்தப் பென்டிரைவுக்குள் பல வருடமாக அவன் சேர்த்து வைத்த டிரைவர் மூட்டை இருந்தது. டிரைவர் என்றால் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. லேப்டாப்புக்குள் இருக்கிற ஒவ்வொரு உறுப்பிடமும் நீ இப்படிப் படம் காட்டு, நீ இப்படிச் சத்தம் போடு என்று வேலை வாங்குகிற சின்ன நிரல். மாடலுக்கு மாடல் அது மாறும். முறையாகச் செய்வதென்றால் அந்தந்த மாடலுக்கு உரியதைத் தயாரித்த கம்பெனியின் தளத்தில் தேடி எடுத்துப் போட வேண்டும். அவனுக்கு அந்தப் பொறுமை எல்லாம் கிடையாது. எந்த லேப்டாப் வந்தாலும் வேலை முடிந்தபின் கடைசியாகக் கழுத்துக் கயிற்றைக் கழற்றி, பென்டிரைவைச் சொருகி, ஒரே தட்டு. மூட்டை மொத்தமும் உள்ளே இறங்கிவிடும். அதோடு ஷட்டவுன். மூடியைத் துடைத்துப் பையில் போட்டுக் கையில் கொடுத்துவிடுவான். மறுபடி ஆன் செய்து பார்க்கிற பழக்கம் அவனிடம் இல்லை. சமைத்தவனே உட்கார்ந்து ருசி பார்த்துக்கொண்டிருந்தால் சாப்பிட வந்தவன் என்ன செய்வான் என்று கேட்பான். கேட்கிறவர்களும் சிரித்துவிட்டுப் போவார்கள்.

அவனுடைய மாமனார் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். சாதாரண கிரேன் இல்லை, கப்பலிலிருந்து கண்டெய்னர் பெட்டிகளைத் தூக்கிக் கரையில் வைக்கிற ராட்சசக் கிரேன். உச்சியில் ஒரு கண்ணாடி கேபின், அதற்குள் இரண்டு பிடிகள், கீழே எறும்பு மாதிரி ஆட்கள். அத்தனை பேர் தலைக்கு மேலே பெட்டியைக் கொண்டுபோய், பூப்போல இறக்கி வைத்த கை அவருடையது. வேலை பார்த்த காலம் முழுக்க ஒரு பெட்டியில் கீறல் விழுந்ததில்லை. இதை அவர் சொல்லிக்கொண்டதும் இல்லை. கூட வேலை செய்தவர்கள்தான் மகளின் கல்யாணத்தில் வந்து மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

மாமியார் போனபிறகும் அவர் தனியாகத்தான் இருந்தார். மகள் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் ஒரு கட்டடத்தின் மேல்மாடி, ஒரு அறை, ஒரு சமையலறை, துறைமுகத்தைப் பார்த்த ஒரு ஜன்னல். எங்களோடு வந்துவிடுங்கள் என்று மகள் கூப்பிடாத மாதம் கிடையாது. கை கால் நன்றாக இருக்கும்வரை என் சோற்றை நான் ஆக்கிக்கொள்கிறேன் என்று சிரித்தபடியே தட்டிக்கழித்துவிடுவார்.

கைராசிதான் அவருக்கு ஒரு லேப்டாப் கொண்டுபோய்க் கொடுத்தான். ஒரு வாடிக்கையாளர் புதிது வாங்கிக்கொண்டு கடையிலேயே விட்டுப்போனது. பழசானாலும் நல்ல மாடல். கடலில் எந்தெந்தக் கப்பல் எங்கெங்கே போகிறது என்று காட்டுகிற வரைபடம் ஒன்று இணையத்தில் உண்டு, அதைத் திறந்து காட்டினான். அவ்வளவுதான், மாமனார் குழந்தையாகிவிட்டார். காலையில் எழுந்ததும் காப்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதன்முன் உட்கார்ந்துவிடுவார். தான் பெட்டி இறக்கிய கப்பல்கள் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதைத் தேடிக் கண்டுபிடிப்பார். மகளுக்குப் போன் போட்டு, அந்தப் பச்சைக்காரி திரும்ப வருகிறாள், நாளைக்குத் துறைமுகத்துக்குள் நுழைந்துவிடுவாள் என்று உறவுக்காரி வருகிற மாதிரி அறிவிப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமனாரைப் பார்க்கப் போன கைராசி, சும்மா இருந்திருக்கலாம். நன்றாக ஓடிக்கொண்டிருந்த லேப்டாப் அது. கை அரித்தது. இருங்க மாமா, ஒரு சர்வீஸ் பண்ணித் தர்றேன் என்று சொல்லி, தூசி தட்டி, துடைத்து, கடைசியில் வழக்கம்போலக் கயிற்றைக் கழற்றினான். ஒரே தட்டு. ஷட்டவுன்.

மறுநாளிலிருந்து லேப்டாப் எழுந்திருக்கத் தகராறு செய்தது. ஆன் செய்தால் திரை கறுப்பாக நிற்கும். அந்தக் கறுப்புக்கு நடுவில் வெள்ளை அம்புக்குறி மட்டும் தெரியும். காப்பி போட்டுக் குடித்து டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்தாலும் அதே கறுப்பு, அதே அம்பு. அப்புறம் என்ன நினைத்துக்கொள்ளுமோ, திடீரென்று திறந்துகொள்ளும். மாமனார் போன் செய்து விஷயத்தைச் சொன்னார். நீங்கள் அன்றைக்கு ஏதோ போட்டீர்களே, அதற்குப் பிறகுதான் இப்படி என்றும் சொன்னார். அதைக் கைராசி காதில் வாங்கவே இல்லை. அதை நினைத்துத்தான் பின்னால் அவன் தூக்கம் கெட்டது.

லேப்டாப்பைக் கடைக்கு எடுத்துவந்து பார்த்தான். திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது கப்பல் படங்கள் மாறி மாறி ஓடுகிற ஒரு இலவசச் சமாசாரம். மாமனார் எங்கேயோ அமுக்கி இறக்கியிருக்கிறார். திருடன் கையும் களவுமாக அகப்பட்ட மாதிரி அவனுக்கு ஆகிவிட்டது. மேற்கொண்டு எதையும் தேடவில்லை. எல்லாவற்றையும் துடைத்து ஃபார்மேட் செய்தான். ஆன் செய்து பார்த்தான், சிட்டாகப் பறந்தது. திருப்தியாகக் கயிற்றைக் கழற்றி, மூட்டையை இறக்கி, ஷட்டவுன் செய்து, இனிக் கண்டதை அமுக்காதீங்க மாமா என்று சொல்லி மாமனார் வீட்டில் கொண்டுபோய் வைத்தான். மறுநாள் காலையில் மறுபடி கறுப்பு.

யோசித்துப் பார்த்தால் அவன் கணக்கு அவனுக்குச் சரியாகத்தான் இருந்தது. கடையில் பறக்கிறது, மாமனார் வீட்டில் படுக்கிறது. அப்படியானால் கோளாறு எங்கே? நடுவில் இருக்கிற கையில்தானே. அந்த ஞாயிற்றுக்கிழமை மகள் வீட்டுக்குச் சாப்பிட வந்த மாமனாரிடம், மனைவியும் இருக்கும்போதே, சிரித்துக்கொண்டுதான் கேட்டான்.

"என்ன மாமா, மறுபடி எதையாவது அமுக்கினீங்களா?"

இல்லையே என்றார் அவர். அந்தப் படத்தை மட்டும் ஒரு தடவை அமுக்கினேன், நீங்கள் சொன்னபிறகு அந்தப் பக்கமே போகவில்லை என்றார். கைராசி மனைவியைப் பார்த்துக் கண்ணடித்தான். அது போதுமானதாக இருந்தது.

இன்னொரு முறை ஃபார்மேட், இன்னொரு முறை மூட்டை, இன்னொரு முறை கறுப்பு. இந்தத் தடவை அவன் சிரிக்கவில்லை. கடையில் தலைக்கு மேல் வேலை கிடந்தது. மாமனார் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, கறுத்த திரையையும் அவரையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, உங்களுக்கு ஞாபகம் இல்லாமல்கூட அமுக்கியிருக்கலாம் மாமா, வயசானால் வருகிறதுதான் என்று வாய் கூசாமல் சொன்னான். ஆறுதலாகச் சொல்வதாகத்தான் அவன் நினைப்பு.

 மாமனார் தன் வலது கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தார். அப்புறம் சொன்னார்.

"அமுக்கியிருப்பேன் மாப்பிள்ளை. ஞாபகம் இல்ல."

விஷயம் முடிந்தது என்று கைராசி நிம்மதியாகக் கிளம்பிவிட்டான். மாமனாருக்கு அங்கேதான் விஷயம் ஆரம்பித்தது. அதற்குப் பிறகு அவர் தன்னையே வேவு பார்க்கத் தொடங்கினார். கதவைப் பூட்டிவிட்டுப் பாதிப் படி இறங்கி, பூட்டினோமா என்று திரும்ப ஏறுவார். குடையைப் பேருந்தில் விட்டுவிட்டு வந்த அன்று, மகளிடம் அதை ஒரு பெரிய குற்றம் போல ஒப்புக்கொண்டார். குடையைத் தொலைக்காத மனிதன் உலகத்தில் உண்டா? ஆனால் மகளுக்கும் அதற்குள் பயம் பிடித்துவிட்டது. பால் பொங்கி வழிந்தது, மருந்துக் கடைக்காரனின் பெயர் நாக்கில் வரவில்லை என்று அவளும் சேர்த்துவைக்க ஆரம்பித்தாள். தேடுகிற கண்ணுக்கு எது கிடைக்காது? லேப்டாப்பின் பக்கம் அவர் போவதையே விட்டுவிட்டார். யாராவது திறந்தால் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு எட்ட நின்று பார்ப்பார். கப்பல்களைப் பற்றிப் போன் வருவதும் நின்றது.

ஒரு நாள் அவரே வீட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு வந்து சாப்பாட்டு மேஜைமேல் வைத்தார். நான் இங்கேயே வந்துவிடுகிறேன் என்றார். இத்தனை வருடமாகக் கெஞ்சிக் கூத்தாடிய மகளுக்கே அந்த வேகம் பிடிக்கவில்லை, என்ன அவசரம், யோசித்துச் செய்யலாமே அப்பா என்றாள்.

"கிரேன்ல ஒரு விதி உண்டும்மா" என்றார் அவர். "கை மேல சந்தேகம் வந்துட்டா யாரும் சொல்றதுக்கு முன்னாடி நாமளே இறங்கிடணும். கீழ ஆள் நிக்கும்."

மேல்மாடி வீட்டைக் காலி செய்தார்கள். கட்டில், இரண்டு பாத்திரம், ஒரு மூட்டைத் துணி, அவ்வளவுதான் அவர் குடித்தனம். அடுத்த வாரமே வேறொரு தம்பதி அங்கே குடிவந்து, துறைமுகம் பார்த்த ஜன்னலில் திரை போட்டுக்கொண்டார்கள். மாமனாருக்கு மகள் வீட்டின் பின்னறை கிடைத்தது. அதன் ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர், கையை நீட்டினால் தொடலாம். லேப்டாப்பை அலமாரியின் மேல்தட்டில், பழைய போர்வைகளோடு வைத்தார்கள். பெரியவரை ஆபத்திலிருந்து காப்பாற்றிவிட்டோம் என்று கைராசிக்கு உள்ளூரப் பெருமைதான். கடையில் ஒன்றிரண்டு பேரிடம் சொல்லிக்கொள்ளவும் செய்தான்.

இப்படி இருக்கும்போதுதான் கடைக்கு ஒரு கணக்கு டீச்சர் வந்தார். கையில் அதே மாடல் லேப்டாப். போன வாரம் கீபோர்டு மாற்றிக்கொண்டு போனவர். இப்போது ஆன் செய்தால் கறுப்பாக நிற்கிறது, நடுவில் ஒரு அம்பு மட்டும் தெரிகிறது என்றார். கைராசி பழக்கதோஷத்தில் வழக்கமான கேள்வியைக் கேட்டான், எதையாவது அமுக்கினீர்களா? டீச்சர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தார். நான் வீட்டுக்குப் போய் ஆன் செய்ததைத் தவிர எதையும் செய்யவில்லை, முதல் தடவை ஆன் செய்யும்போதே இப்படித்தான் நின்றது என்றார்.

அவன் வழக்கம்போல ஃபார்மேட் செய்தான், மூட்டையை இறக்கினான், ஷட்டவுன் செய்து பையை நீட்டினான். டீச்சர் பையை வாங்கவில்லை.

"ஆன் பண்ணிக் காட்டுங்க. பாத்துட்டுத்தான் எடுத்துட்டுப் போவேன்."

எல்லாம் சரியாக இருக்கும் டீச்சர் என்று மழுப்பிப் பார்த்தான். விடைத்தாளில் விடையை மட்டும் எழுதிவிட்டு வழியை எழுதாத பையனைப் பார்க்கிற மாதிரி நின்றார் அந்த அம்மாள். வேறு வழியில்லாமல் ஆன் செய்தான்.

திரை கறுத்து நின்றது. நடுவில் வெள்ளை அம்பு.

அவன் முகத்தில் ஈயாடவில்லை. இந்த லேப்டாப்பை அவனைத் தவிர யாரும் தொடவில்லை. டீச்சரின் கைகள் இரண்டும் கைப்பையின் மேல் இருந்தன. சற்று முன்பு, மூட்டையை இறக்குவதற்கு முன்னால், இதே லேப்டாப் சிட்டாகப் பறந்ததை அவனே பார்த்திருந்தான். அதற்கும் இதற்கும் நடுவில் நடந்தது ஒன்றே ஒன்றுதான். அது அவன் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

டீச்சரை மாலையில் வரச்சொல்லிவிட்டு, கடையின் கதவைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தான். பல வருடத்தில் முதல்முறையாக ஒரு லேப்டாப்பை அவசரப்படாமல் பார்த்தான். அந்த மாடலில் படம் காட்டுவதற்கென்று இரண்டு சிப்புகள். ஒன்று சாதாரண வேலைக்கு, இன்னொன்று கனமான வேலைக்கு. அவன் மூட்டையில் இருந்த கிராபிக்ஸ் டிரைவரோ வேறு எந்தக் காலத்து மாடலுக்கோ ஆனது. ஆன் செய்யும்போதெல்லாம் அது இரண்டாவது சிப்பைத் தட்டி எழுப்பும், அது எழாது, எழும் எழும் என்று காத்துக்கிடக்கும், கடைசியில் சலித்துப்போய் முதல் சிப்பை வைத்துத் திரையைத் திறக்கும். அந்தக் காத்துக்கிடப்புதான் அந்தக் கறுப்பு. அந்த டிரைவரை எடுத்துவிட்டு, கம்பெனியின் தளத்திலிருந்து இந்த மாடலுக்கே ஆனதை இறக்கிப் போட்டான். ரீஸ்டார்ட் செய்தான். கண் இமைப்பதற்குள் திறந்துகொண்டது. நம்ப மனமில்லாமல் மூட்டையை மறுபடி இறக்கிப் பார்த்தான். கறுப்பு. எடுத்தான். திறந்தது.

 எத்தனை பேரைப் பார்த்து எதையாவது அமுக்கினீர்களா என்று கேட்டிருப்பான். அவர்களெல்லாம் வெளியே போனதும் அவனை ஒரு திட்டு திட்டிவிட்டு வேறு கடையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவன் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு வீட்டைக் காலி செய்தவர் ஒருவர்தான். கழுத்துக் கயிற்றைக் கழற்றி மேஜை இழுப்பறைக்குள் போட்டான். கழுத்து லேசாவதற்குப் பதில் இன்னும் கனத்தது.

டீச்சரின் லேப்டாப்பைச் சரியாக்கி, ஆன் செய்து காட்டி, தப்பு என்னுடையதுதான் என்று சொல்லிக் கொடுத்தனுப்பினான். சொல்வதற்குச் சிரமமாகவே இல்லை. அதே வார்த்தையை வீட்டில் போய்ச் சொல்ல வேண்டுமே என்று நினைத்தபோதுதான் கால் நகர மறுத்தது.

வீட்டுக்குப் போனதும் மேல்தட்டிலிருந்து லேப்டாப்பை இறக்கி, போர்வைத் தூசியைத் துடைத்து, டிரைவரை மாற்றினான். மனைவியிடம் முதலில் சொன்னான். அவள் அவனை ஒன்றும் திட்டவில்லை. அப்பாவிடம் சொல்லுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு, சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டாள். திட்டியிருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றியது.

மாமனார் பின்னறையில், சுவரைப் பார்த்த ஜன்னலருகே உட்கார்ந்திருந்தார். லேப்டாப்பை அவர் முன்னால் வைத்து ஆன் செய்தான். உடனே திறந்தது. கப்பல் வரைபடத்தைத் திறந்துவிட்டான். நீலத்தில் சின்னச் சின்னதாய்க் கப்பல்கள் ஊர்ந்தன. அவர் முகம் ஒரு நொடி மலர்ந்ததை அவன் பார்த்தான். கைகள் அதற்குள் முதுகுக்குப் பின்னால் போயிருந்தன.

"மாமா, உங்க மேல தப்பே இல்ல. நான் போட்ட டிரைவர்தான் தப்பு. ஆரம்பத்துலேயே நீங்க சொன்னீங்க, நான்தான் கேக்கல. உங்க ஞாபகத்துக்கு ஒண்ணும் ஆகல."

பெரியவர் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கண்ணில் கோபம் இருக்கிறதா என்று அவன் தேடினான். இருந்தால் பிழைத்தோம் என்று நினைத்தான். இருந்தது வெறும் வாஞ்சை.

"நீங்க நல்லவர் மாப்பிள்ளை" என்றார். "சந்தேகப்பட்டுக் கீழ இறங்கிட்டவன்கிட்ட நாங்களும் இப்படித்தான் சொல்லுவோம். உன் தப்பு இல்லப்பா, கயிறு பழசுன்னு. நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கேன். அது ஆறுதலுக்குன்னு அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

இது அப்படி இல்லை மாமா என்று அவன் பதறினான். இரண்டு சிப்பைப் பற்றிச் சொன்னான், டீச்சரைப் பற்றிச் சொன்னான், மூட்டையைப் பற்றிச் சொன்னான். சொல்லச் சொல்ல அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். மருமகன் தனக்காக எவ்வளவு மெனக்கெட்டுக் கதை கட்டுகிறான் என்று உருகுகிற தலையாட்டல் அது. நெருப்பையாவது தாங்கிவிடலாம், அந்த அன்பைத் தாங்க முடியவில்லை அவனால்.

கண்ணால் காட்டினால் நம்பாமல் எங்கே போவார்? அவசரபுத்தி எங்கே போகும்? மூட்டைக்கு ஒரு நகலாக எப்போதும் பாக்கெட்டில் வைத்திருக்கிற இன்னொரு பென்டிரைவைச் சொருகி, அதில் இருந்த அதே பழைய டிரைவரை மறுபடி போட்டான். பாருங்க மாமா, இப்ப நான்தான் போடறேன், இப்ப எப்படி நிக்குதுன்னு பாருங்க என்று சொல்லிக்கொண்டே ரீஸ்டார்ட்டைத் தட்டினான்.

கப்பல்கள் மறைந்தன. திரை கறுத்தது. நடுவில் வெள்ளை அம்பு மட்டும் நின்றது.

பாத்தீங்களா என்று திரும்பினான். மாமனார் நாற்காலியை விட்டு எழுந்து, சுவரோரம் போய் நின்றிருந்தார். இரண்டு கைகளையும் விரித்து அவன் பார்க்கும்படி நீட்டியிருந்தார்.

"நான் ஒண்ணும் தொடல மாப்பிள்ளை."

சமையலறையில் குழாய் நின்றது.  கைராசிக்கு எழுந்து போய் அந்தக் கைகளைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது, ஆனாலும் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தான். இருவருமாகக் கறுத்த திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்ன நினைத்துக்கொண்டதோ, அது திறந்துகொண்டது.

"வந்து உக்காருங்க மாமா" என்றான். "நீங்களே தொட்டுப் பாருங்க."

"வேணாம்" என்றார் அவர். "நீங்களே தொடுங்க. நான் இங்க இருந்தே பாத்துக்கறேன்."